துன்புறாத பதிலாள்

எந்தப் புதிய மருந்தும் என்றேனும் ஒருநாள், முதன்முறையாக, ஒரு மனிதருடைய உடலுக்குள் சென்றே ஆகவேண்டும். அந்த முதல் மனிதர் யார்? அவர் தாமே முன்வந்தாரா, அல்லது பிறரால் தள்ளப்பட்டாரா? மருத்துவத்தின் வெற்றிகளைப் போற்றும்போது நாம் இக்கேள்விகளைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

கேட்டால் கிடைக்கும் விடை இனிமையானதன்று. முற்காலத்தில் அந்த இடத்தில் நிறுத்தப்பட்டவர்கள் அடிமைகள், சிறைக்கைதிகள், அநாதைக் குழந்தைகள், மனநோய் விடுதிகளில் அடைபட்டோர். சுருங்கக் கூறின், மறுத்துப் பேச இயலாதவர்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்னும் ஊரில், 1932 முதல் 1972 வரை ஏறத்தாழ 400 கறுப்பின ஏழைகள் மேகநோயுடன் வெறுமனே கண்காணிக்கப்பட்டார்கள். பென்சிலின் என்னும் மருந்து கைக்கெட்டிய பின்னரும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நோய் எப்படி வளர்கிறது என்று அறிவதே ஆய்வின் நோக்கமாயிருந்தது. நாசிகளின் வதைமுகாம்களில் மருத்துவர்கள் செய்தவற்றை நூரம்பர்க் நீதிமன்றம் விசாரித்து, 1947-இல் தன் தீர்ப்போடு ஓர் ஒழுக்க நெறியையும் உலகுக்கு வழங்கியது. ஆய்வுக்கு உட்படுபவரின் மனமார்ந்த ஒப்புதல் இன்றியமையாதது என்பதே அதன் முதல் விதி.

மனிதருக்கு முன்னால் விலங்குகள் நிறுத்தப்பட்டன. எலிகளும் முயல்களும் குரங்குகளும் நமக்காக நோயுற்றன, நமக்காக மடிந்தன. இன்று ஆய்வுக்கூடங்களில் மற்றொரு பதிலாள் தோன்றியிருக்கிறது. அது நோயாளியின் உடலிலிருந்து அகற்றப்பட்ட புற்றுநோய்க் கட்டியின் ஒரு சிறு துணுக்கு. அதைக் கண்ணாடித் தட்டில் உயிரோடு வளர்த்து, அதன்மீது சிகிச்சையை முதலில் சோதிக்கிறார்கள். அதற்கு நரம்பில்லை, மனமில்லை, ஆகவே வலியில்லை. துன்பத்தை அறியாத ஒன்று, துன்புறும் ஒருவருக்காகப் பதில் சொல்ல முடியுமா? முடியுமெனில் எந்த அளவுக்கு? மீட்பு என்பதையே ஒருவர் பலருக்காக நின்றதாக அறிக்கையிடும் நமக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று.

காவலரைக் கூர்மைப்படுத்தும் கலை

முதலில் சிகிச்சையைச் சற்றுப் புரிந்துகொள்வோம். நம் இரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் ஒரு வகைக்கு 'டி' உயிரணுக்கள் என்று பெயர். அவை உடலெங்கும் உலாவரும் காவலர்கள். தம் உடலைச் சேர்ந்தது எது, அந்நியமானது எது என்று தொட்டுப்பார்த்து அறிந்து, அந்நியமானதைக் கொல்பவை. ஆனால் புற்றுநோயோ வெளியிலிருந்து வந்த பகைவன் அன்று. நம் சொந்த உயிரணுவே நெறி தவறிப் பெருகுவது. வீட்டுக்குள் பிறந்தவனைக் காவலர் சந்தேகிப்பதில்லை. நோய் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஆகவே ஆய்வாளர்கள் காவலருக்கே புதிய கண் பொருத்த முனைந்தார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்து டி உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, தீங்கு செய்ய இயலாதவாறு முடக்கப்பட்ட ஒரு வைரசின் துணையால் புதிய மரபணுவை அவற்றுள் புகுத்துகிறார்கள். அந்த மரபணு, புற்றணுவின் மேற்பரப்பிலுள்ள ஓர் அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும் கொக்கியை உண்டாக்குகிறது. அவ்வாறு மாற்றப்பட்ட அணுக்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, மீண்டும் அதே நோயாளியின் உடலில் செலுத்துகிறார்கள். இதுவே 'கார்-டி' சிகிச்சை.

2012-இல் பிலடெல்பியா நகரின் குழந்தைகள் மருத்துவமனையில், வேறு வழியெல்லாம் அடைபட்டுப்போன ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. விழித்தெழுந்த காவலர்களின் ஆவேசத்தால் கடும் காய்ச்சல் கண்டு அவள் மரணத்தின் வாசல்வரை சென்றாள். வேறொரு நோய்க்காக வழங்கிவந்த மருந்தொன்று அந்தப் புயலைத் தணித்தது. அவளுடைய இரத்தப் புற்றுநோய் மறைந்தது. 2017 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு அனுமதி வழங்கிற்று.

இரத்தப் புற்றுநோய்களில் கிடைத்த இவ்வெற்றி, மூளை, குடல், நுரையீரல் போன்ற உறுப்புகளில் திரளும் கட்டிகளில் அவ்வளவு எளிதாகக் கைகூடவில்லை. ஒரு கட்டிக்குள் எல்லா உயிரணுக்களும் ஒரே அடையாளத்தை அணிந்திருப்பதில்லை. கட்டி தன்னைச் சுற்றி அரண் எழுப்பிக்கொள்கிறது. உள்ளே நுழையும் காவலரைச் சோர்வடையச் செய்கிறது. இவற்றைவிட அச்சம் தருவது வேறொன்று. நாம் பொருத்திய கண், புற்றணுவை மட்டும்தான் பார்க்கும் என்பதற்கு உத்தரவாதம் என்ன?

இதயம் சொன்ன சாட்சி

இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. 2013-இல் மருத்துவ இதழ்களில் வெளிவந்த ஒரு வரலாற்றை நாம் நினைவில் கொள்ளவேண்டும். மேஜ்-ஏ3 என்னும் புரதம் சில புற்றணுக்களில் காணப்படும். நலமுள்ள திசுக்களில் பொதுவாகக் காணப்படாது. அதைக் கூர்ந்து பற்றுமாறு மாற்றப்பட்ட டி உயிரணுக்கள் அமெரிக்காவில் இருவருக்குச் செலுத்தப்பட்டன. ஒருவர் தோல் புற்றுநோயாளி, மற்றவர் எலும்பு மச்சைப் புற்றுநோயாளி. சில நாள்களுக்குள் இருவரும் இதயம் செயலிழந்து மாண்டார்கள்.

ஆய்வாளர்கள் அசட்டையாயிருந்தார்கள் என்று கூறுவதற்கில்லை. வழக்கமான முன்சோதனைகள் நடத்தப்பட்டிருந்தன. அவற்றில் ஆபத்தின் அறிகுறி தோன்றவில்லை. இறந்தவர்களின் இதயத் தசையை ஆராய்ந்தபோது, அங்கே மேஜ்-ஏ3 புரதமும் இல்லை. பின் காவலர்கள் எதைக் கண்டு தாக்கினார்கள்? நீண்ட தேடலுக்குப் பின் விடை கிடைத்தது. இதயத் தசையில் டைட்டின் என்றொரு மாபெரும் புரதம் உண்டு. அதன் ஒரு சிறு துண்டு, மேஜ்-ஏ3 புரதத்தின் துண்டைப் போலவே தோன்றுகிறது. காவலர் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்கள்.

நம் சிந்தனைக்கு உரியது, இந்த உண்மை வெளிப்பட்ட விதம். வழக்கமாக ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் இதய உயிரணுக்கள் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. சோதனை எலிகளாலும் சொல்ல இயலாது. ஏனெனில் இக்காவலர்கள் அடையாளம் காண்பது மனித உயிரணுக்களுக்கே உரிய ஒரு சட்டத்தில் வைத்துக் காட்டப்படும் துண்டையே. முதிர்ந்த மனித உயிரணுக்களை மீண்டும் மூல உயிரணுக்களாக்கி, அவற்றிலிருந்து வளர்த்த இதயத் தசையணுக்கள், தட்டில் தாமாகவே துடித்துக்கொண்டிருந்தபோதுதான், அந்த டி உயிரணுக்கள் அவற்றைத் தாக்கிக் கொன்றன. துடிக்காத இதயம் சாட்சி சொல்லவில்லை. துடித்த இதயம் சொல்லிற்று. ஆனால் அச்சாட்சி இரு உயிர்கள் போன பின்னரே கேட்கப்பட்டது.

இதிலிருந்து ஓர் ஒழுக்கப் பாடம் பிறக்கிறது. பதிலாள் ஒருவரை நிறுத்தி அவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் விடை பெற்றுவிட்டதாக எண்ணுவது ஆபத்து. புற்றணு சாகிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. வேறு யார் சாவார் என்றும் கேட்டாகவேண்டும். பகைவனை வீழ்த்தும் ஆற்றலை அளப்பது அறிவு. அயலானுக்கு நேரும் தீங்கை முன்கூட்டியே தேடுவது விவேகம். திருச்சபை தலையாய நற்பண்புகளுள் முதலாவதாக வைத்திருப்பது இந்த விவேகத்தையே.

தட்டில் வளரும் கட்டி

2009-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளேவர்ஸ் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், தோஷிரோ சாட்டோ என்னும் ஜப்பானிய மருத்துவரும் உடனிருந்தோரும் எலிக்குடலின் ஒற்றை மூல உயிரணுவிலிருந்து குடற்சுவரின் சிற்றுருவத்தையே வளர்த்துக் காட்டினார்கள். தட்டையாகப் பரவும் பழைய வளர்ப்பு முறைக்கு மாறாக, அது முப்பரிமாணத்தில், குழியும் மேடுமாகத் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொண்டது. இவ்வகைச் சிற்றுருவங்களுக்கு ஆர்கனாய்டு என்று பெயரிட்டிருக்கிறார்கள். விரைவில் அம்முறை மனிதக் கட்டிகளுக்கும் விரிந்தது.

2018-இல் ஆம்ஸ்டர்டாமிலுள்ள நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் வூஸ்ட் முதலியோர் ஒரு படி மேலே சென்றார்கள். குடல், நுரையீரல் புற்றுநோயாளிகளின் கட்டியிலிருந்து சிற்றுருவங்களை வளர்த்து, அதே நோயாளிகளின் இரத்தத்திலிருந்து எடுத்த டி உயிரணுக்களை அவற்றோடு சேர்த்து வைத்தார்கள். பகைவனோடு நெருங்கிப் பழகியதால் சில காவலர்கள் பகைவனை அடையாளம் காணக் கற்றுக்கொண்டு, கட்டியின் சிற்றுருவத்தை அழித்தார்கள். ஆய்வாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. அதே நோயாளியின் நலமுள்ள திசுவிலிருந்தும் சிற்றுருவம் வளர்த்து, அதன் எதிரிலும் காவலர்களை நிறுத்தினார்கள். அதை அவர்கள் தொடவில்லை. நோயுற்ற திசுவை மட்டுமன்று, நலமுள்ள திசுவையும் சாட்சிக் கூண்டில் ஏற்றும் இந்த முறை, முன்னே கண்ட இரு மரணங்களின் பாடத்தோடு ஒத்துச் செல்கிறது.

2020-இல் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூளைப் புற்றுநோய்களுள் மிகக் கொடியதான கிளியோபிளாஸ்டோமாவுக்கும் இத்தகைய சிற்றுருவங்களை விரைவில் வளர்க்கும் வழியை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டியைச் சிறு துணுக்குகளாக்கி, அதன் உயிரணுக்களைத் தனித்தனியே பிரித்துவிடாமல், கட்டியின் பன்முகத் தன்மை இயன்றவரை குலையாதவாறு வளர்த்தார்கள். 2025-இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் கருத்தைக் கவர்வது. அந்நோய் மீண்டும் தலைதூக்கிய ஆறு நோயாளிகளுக்குக் கார்-டி அணுக்களை மூளைநீரில் செலுத்தியபோதே, அவர்களுடைய கட்டிகளிலிருந்து வளர்த்த சிற்றுருவங்களின்மீதும் அதே அணுக்களைச் செலுத்தினார்கள். தட்டில் நடந்த அழிவுக்கும் நோயாளியின் மூளைநீரில் காவலர் பெருகி நிலைத்த அளவுக்கும் ஓர் ஒப்புமை காணப்பட்டது.

அந்த ஆய்வாளர்கள் தம் சிற்றுருவங்களுக்கு இட்ட பெயர் 'அவதார்'. நம் நாட்டுச் சொல் ஆங்கிலக் கணினி உலகில் புகுந்து, ஒருவருக்குப் பதிலாக இயங்கும் உருவம் என்னும் பொருள் பெற்று, இப்போது மருத்துவ ஏட்டிலும் இடம்பிடித்திருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர் செவியில் அச்சொல் வேறோர் ஒலியையும் எழுப்பும். இறைமகன் உடலெடுத்ததை நம் முன்னோர் மனுஷாவதாரம் என்றே வழங்கினார்கள். அந்த அவதாரத்தின் பொருள், துன்புறும் மனிதரின் இடத்தில் துன்பத்தை உண்மையாகவே ஏற்றல். ஆய்வுக்கூடத்தின் அவதாரமோ நோயாளியின் இடத்தில் நிற்கிறது. அவருடைய துன்பத்தில் பங்குகொள்வதில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருப்பதே நம் முதற்கடமை. இரண்டாவது வகைப் பதிலாளை நாம் நன்றியோடு பயன்படுத்தலாம். முதல் வகைக்கு அது ஈடாகாது.

அது யார்? அது யாருடையது?

இனி, பக்தியுள்ள உள்ளங்களில் எழக்கூடிய ஐயம் ஒன்று. உயிரோடு வளரும் அந்தத் துணுக்கு மனிதரா? அதைச் சோதிப்பதும் அழிப்பதும் முறையா?

மனிதரன்று என்பதே தெளிவான விடை. அதில் உயிர் உண்டு, மனித மரபணு உண்டு. ஆனால் ஒரு முழு மனித உடலாகத் தன்னை ஒருங்கிணைத்து வளரும் இயல்பு அதற்கு இல்லை. பிரிந்துபோன உறுப்பு முழுமனிதரன்று. முழுமையோடு சேர்ந்திருக்கும்போதுதான் கை கையாகிறது என்பது புனித தோமாஸ் அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலிடமிருந்து பெற்று வளர்த்த கருத்து. கருவில் உள்ள சிசுவோ அவ்வாறன்று. அது சிறிதாயினும் முழுமை. ஆகவே கருவை அழித்துப் பெறும் மூல உயிரணுக்களைத் திருச்சபை மறுப்பதையும், முதிர்ந்த ஒருவரின் கட்டியிலிருந்து சிற்றுருவம் வளர்ப்பதை ஏற்பதையும் ஒரே தராசில் வைத்துக் குழம்பவேண்டியதில்லை. அளவு சிறிது என்பதோ உயிருள்ளது என்பதோ இங்கு அளவுகோலன்று. முழு மனிதரா, மனிதரின் பகுதியா என்பதே அளவுகோல்.

ஆனால் மனிதரன்று என்பதால் அது வெறும் பொருளாகிவிடுமா? இங்கேதான் நம் மரபு நமக்குக் கைகொடுக்கிறது. ஆன்மா மட்டுமே நான் அல்லேன் என்பது அதே தோமாஸின் தெளிவு, உடலும் நானே. புனிதரின் எலும்புத் துண்டைப் பேழையில் வைத்து வணங்கும் நாம், அந்த எலும்பே புனிதர் என்று எண்ணுவதில்லை. அது வெறும் எலும்பு என்று எறிந்துவிடுவதும் இல்லை. ஓர் ஆளுடையதாயிருந்தது என்ற உறவே அதற்கு மதிப்பளிக்கிறது. தட்டில் உள்ள துணுக்குக்கு வணக்கம் வேண்டாம். ஆனால் அந்த உறவை மறவாமை வேண்டும்.

மறந்ததால் நேர்ந்த அநீதிக்கு எடுத்துக்காட்டு ஹென்றியேட்டா லாக்ஸ். ஐந்து பிள்ளைகளின் தாயான அந்தக் கறுப்பினப் பெண்மணி, 1951-இல் பால்டிமோர் நகரில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய கட்டியிலிருந்து, அவரைக் கேளாமல் எடுக்கப்பட்ட உயிரணுக்கள் இறவாமல் பெருகி, ஹீலா என்னும் பெயரில் உலகெங்கும் பரவின. போலியோ தடுப்பு மருந்தின் ஆய்வு முதல் எத்தனையோ நன்மைகளுக்கு அவை உதவின. அவருடைய குடும்பத்தாருக்கோ 1970-களில்தான் செய்தி எட்டிற்று. அந்த உயிரணுக்களை விற்றுப் பொருளீட்டிய ஒரு நிறுவனத்தோடு அவருடைய வாரிசுகள் உடன்பாடு கண்டது 2023-இல். நன்மை விளைந்தது உண்மை. எனினும் கேளாமல் எடுத்த நன்மையில் ஒரு கறை ஒட்டிக்கொண்டேயிருக்கிறது. கேட்டிருந்தால் அது கொடையாயிருந்திருக்கும், கேளாததால் எடுப்பாயிற்று.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952 செப்டம்பரில் மருத்துவ ஆய்வாளர்களுக்கு ஆற்றிய உரையில் இவ்வெல்லையைத் திட்டவட்டமாக வரைந்தார். அறிவியலின் வளர்ச்சி, நோயாளியின் நலம், சமூகத்தின் நலம் ஆகிய மூன்றையும் மதித்த அவர், அவற்றுள் எதுவும் வரம்பற்ற உரிமையாகாது என்றார். உடலின் உறுப்பு உடலுக்காக இருக்கிறது. ஆனால் மனிதர் அவ்வாறு சமூகத்தின் உறுப்பாகக் கரைந்துபோவதில்லை என்பது அவருடைய வாதத்தின் மையம். இந்நெறியின்படி, கட்டியை வளர்ப்பதற்கு முன் நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் ஒப்புதலைப் பெறவேண்டும். எதற்குப் பயன்படும், எவ்வளவு காலம் சேமிக்கப்படும், வணிக நிறுவனத்துக்குப் போகுமா என்பனவற்றையும் மறைக்கலாகாது.

இங்கே ஒரு வியப்பு. உடல் தானத்தை அன்றாட வாழ்வின் வீரச்செயல் என்ற கருத்தில் 1995-இல் 'வாழ்வின் நற்செய்தி' மடலில் புகழ்ந்தார் புனித இரண்டாம் அருள் சின்னப்பர். கண்ணையும் சிறுநீரகத்தையும் கொடுப்பவர் தம்மிடம் உள்ள நல்லதைக் கொடுக்கிறார். கட்டியைக் கொடுப்பவரோ தம்மிடம் உள்ள தீயதை, தம்மைக் கொன்றுகொண்டிருப்பதையே கொடுக்கிறார். பல வேளைகளில் அதனால் அவருக்குப் பயன் கிட்டுவதில்லை. அவரை ஒருபோதும் சந்திக்காத வேறொருவருக்குக் கிட்டலாம். தம் நோவையே பிறருக்கு மருந்தாக்க இசைபவரின் கையெழுத்தை வெறும் மருத்துவமனைப் படிவமாகக் கருதுவது நன்றிகேடு.

வழியிலும் தூய்மை வேண்டும்

நோக்கம் நன்றாயிருப்பதால் வழியைக் கேளாமல் விட நமக்கு உரிமையில்லை. இரண்டு செய்திகளை மறைக்காமல் கூறவேண்டும்.

முதலாவது, விலங்குகளைப் பற்றியது. சிற்றுருவங்கள் விலங்குச் சோதனையைக் குறைக்கும் என்பது உண்மை. 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டமும், 2023-இல் இந்தியாவின் மருந்தாய்வு விதிகளும் இத்தகைய மாற்று முறைகளுக்கு இடமளித்துள்ளன. எனினும் பல சிற்றுருவங்களைத் தாங்கிப் பிடிக்கும் கூழ்மம் எலியின் கட்டியொன்றிலிருந்து எடுக்கப்படுவதே. விலங்கு முற்றாக விடுதலை பெறவில்லை. கண்ணுக்கு மறைவான இடத்துக்கு மாறியிருக்கிறது. மனித உயிரைக் காக்க உதவும் விலங்காய்வைத் தகுந்த வரம்புக்குள் ஏற்கும் கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு, தேவையின்றி விலங்குகளை வதைப்பது மனித மாண்புக்கே ஒவ்வாது என்றும் கற்பிக்கிறது. எனவே செயற்கைக் கூழ்மங்களைத் தேடும் முயற்சி வெறும் தொழில்நுட்பச் சீர்திருத்தமன்று. ஒழுக்கக் கடமையும் ஆகும்.

இரண்டாவது இன்னும் கனமானது. டி உயிரணுக்களுக்குள் மரபணுவைச் சுமந்து செல்லும் வைரசைத் தயாரிக்கப் பெரும்பாலும் பயன்படும் உயிரணு வரிசையொன்று, 1973-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு சிசுவின் சிறுநீரகத்திலிருந்து உருவானது. அச்சிசு கருக்கலைப்பில் மாண்டது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அப்படியாயின் இச்சிகிச்சையை ஏற்கும் நோயாளி அத்தீமைக்கு உடந்தையாகிறாரா? 2008-இல் வெளியான 'மனித மாண்பு' என்னும் திருச்சபைப் போதனையும், தடுப்பூசிகளைக் குறித்து 2020 டிசம்பரில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட குறிப்பும் பொறுப்பின் படிநிலைகளை வேறுபடுத்திக் காட்டுகின்றன. தீமையைச் செய்தவர், அதனால் விளைந்ததைக் கொண்டு ஆய்வைத் திட்டமிடுபவர், வேறு வழியின்றி உயிர்காக்க அதன் பயனை ஏற்பவர் ஆகியோர் ஒரே படியில் நிற்பதில்லை. மிகத் தொலைவில் நிற்கும் நோயாளி, கடுமையான காரணம் இருக்கும்போது, அச்செயலை ஒப்புக்கொள்ளாமலே அதன் பயனை ஏற்கலாம். ஆனால் மாற்று வழி வேண்டும் என்று குரலெழுப்பும் கடமை எல்லாருக்கும் உண்டு. ஆய்வாளருக்கு அக்கடமை இன்னும் மிகுதி. படுக்கையில் கிடப்பவரின் மனச்சான்றில் எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டு, தேர்வு செய்யும் அதிகாரம் உள்ளவர்களை விட்டுவிடுவது நீதியன்று.

பதிலாள் சொல்லாதவை

மீண்டும் முதற்கேள்விக்கு வருவோம். துன்புறாத பதிலாளின் சாட்சியம் எதுவரை செல்லும்?

தட்டில் உள்ள கட்டிக்கு இரத்த ஓட்டம் இல்லை. காவலர் நெடுந்தொலைவு பயணம் செய்து அரண்களைக் கடந்து அதை அடையவேண்டியதில்லை. நேராக அதன்மேல் கொட்டப்படுகிறார்கள். அதற்குக் காய்ச்சல் வராது, மூச்சு முட்டாது, நினைவு தடுமாறாது. அது கொல்லப்படுமா என்று சொல்லும். அந்தக் கொலையின் ஆரவாரத்தை ஓர் உடல் தாங்குமா என்று சொல்லாது. சிகிச்சைக்குப்பின் அந்த மனிதர் தம் பேரப்பிள்ளையை அடையாளம் கண்டுகொள்வாரா என்று சொல்லவே சொல்லாது.

ஆகவே இரண்டு சோதனைகள் நமக்குமுன் உள்ளன. ஒன்று, தட்டின் நற்செய்தியைக் கேட்டு அவசரப்படுதல். மற்றொன்று, தட்டின் மறுப்பைக் கேட்டு மனிதரைக் கைவிடுதல். ஆறு நோயாளிகளிடம் கண்ட ஒப்புமை நம்பிக்கை தரும் தொடக்கம். தீர்ப்பு வழங்கப் போதுமான சான்றன்று. 'உம் கட்டி பதிலளிக்கவில்லை. ஆகவே உமக்குச் சிகிச்சை இல்லை' என்று காப்பீட்டு நிறுவனமோ மருத்துவமனையோ சொல்லும் நாள் வரக்கூடும். அன்று பதிலாள் நோயாளியைக் காத்தவனாயிருக்க மாட்டான். அவர் இடத்தையே பறித்தவனாவான். மாதிரி மனிதருக்காகவே அன்றி, மனிதர் மாதிரிக்காக அன்று.

விலையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 2017-இல் அமெரிக்காவில் முதல் கார்-டி சிகிச்சைக்கு வைத்த விலை 4,75,000 டாலர். மும்பையின் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற இந்தியச் சிகிச்சையின் விலை ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாய் என்று செய்திகள் கூறின. பத்தில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது பெரும் சாதனை. ஆனாலும் நாட்கூலிக்குச் செல்பவரின் கைக்கு அதுவும் எட்டாக் கனியே. முற்காலத்தில் ஏழைகளின் உடல்களில் சோதித்த மருந்து செல்வருக்குச் சென்றது. இனி யார் உடலிலும் சோதிக்காமலே அது செல்வருக்கு மட்டும் செல்லுமாயின், கொடுமையின் ஒரு பாதியே நீங்கியதாகும். துன்பத்தைத் துடைக்கும் அறிவு, பயனைப் பகிரும் நீதியோடு சேர்ந்தால்தான் முழுமை பெறும்.

எத்தனை சிற்றுருவங்களை வளர்த்தாலும், எத்தனை துடிக்கும் இதயங்களைத் தட்டில் எழுப்பினாலும், இறுதியில் ஒரு மனிதர் முதல்வராக முன்வந்தே தீரவேண்டும். அந்த நாளை அறிவியலால் ஒழித்துவிட முடியாது. அதன் இருளைக் குறைக்கத்தான் முடியும். முன்வருபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்காமல், கையில் ஒரு விளக்கோடு நடக்கச் செய்வதே தட்டில் வளரும் கட்டியின் பணி. விளக்கு வழியைக் காட்டும். வழி நடப்பவர் மனிதரே. அவருக்கு நாம் கடன்பட்டிருப்பவை உண்மை, உரிமை, உடனிருத்தல்.

நல்ல சமாரியர் காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்ததோடு தம் கடமை முடிந்தது என்று போய்விடவில்லை. காயமுற்றவரைத் தம் விலங்கின்மேல் ஏற்றினார், சாவடிக்குக் கொண்டு சென்றார், இரவு உடனிருந்தார், மறுநாள் செலவுக்கும் பொறுப்பேற்றார். எண்ணெயை இன்று ஆய்வுக்கூடம் தயாரிக்கட்டும். அது இன்னும் தூயதாகவும் கூர்மையானதாகவும் ஆகட்டும். மற்றவை யாவும் ஆய்வுக்கூடத்தில் வளர்வன அல்ல. அவை நம் பங்குகளிலும் குடும்பங்களிலும், நோயாளியின் கட்டிலருகே நாம் இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலியிலும்தான் வளரவேண்டும்.